வண்டியை யார் வசம் விட்டு வந்தீர்கள்?

(பொட்டிபுரத்திலிருந்து புறப்பட்டு, போடிமெட்டு வழியாக ஏலமலைக் கிராமங்களுக்குச் சைக்கிளில் செல்ல ஆயத்தமான வாலிபர் குழுவுக்கு, நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் குருவானவர் ஆற்றிய உரை. ஆதரவாளர்களின் இல்லங்களிலும் சைக்கிளில் தூரப் பயணம் போகும் பிள்ளைகள் இருப்பதால், அவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே வெளியிடுகிறோம்.)

கிறிஸ்துவுக்குள் அன்பான வாலிபர்களே, அவர்களை வழியனுப்ப வந்திருக்கும் பெற்றோர்களே,

பயணம் புறப்படுகிறவர்களுக்கு ஜெபம் பண்ணி, திருநீறோ திருமறையோ அவரவர் வழக்கப்படி ஆசி கூறி அனுப்புவது நம் நாட்டுப் பழக்கம். ஜெபம் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்பாகப் பூட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். சிற்றாலயத்தில் பூட்டைப் பற்றியா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு சிரியுங்கள்.

முந்தலைத் தாண்டினால் ஏற்றம். போடிமெட்டுக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தைப் பற்றி உங்களுக்குப் பயமில்லை, மாதக்கணக்காய்ப் பழகியிருக்கிறீர்கள். பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டீர்கள், டியூபுக்கு ஒட்டுப்போடும் சாமான்கள் எடுத்துவிட்டீர்கள், மழைச்சட்டை மடித்துவிட்டீர்கள். ஒன்றை மாத்திரம் யாரும் கேட்கவில்லை. டீ குடிக்க இறங்கும்போது வண்டி என்ன ஆகும்? இரவில் தூங்கும்போது எங்கே நிற்கும்? திரும்பி வரும்போது வண்டி இல்லையென்றால் என்ன செய்வோம்?

சைக்கிள் போனால் ஒரு சாமான் போனது என்று மாத்திரம் எண்ணக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், கிராமத்துச் செவிலியர்களும் அதில் இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. யாரையும் கேட்காமல் போய்வரும் துணிவு வந்தது. நமது நாட்டில் சைக்கிள் என்பது ஒருவருக்குக் கால். அதைத் திருடுகிறவன் காலைத் திருடுகிறான். உங்களில் பாதிப்பேர் ஓட்டப்போவது உங்கள் சொந்த வண்டியும் அல்ல. அண்ணனுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது, சபைப் பிள்ளை ஒருவனுடையது. எலிசாவின் நாட்களில் ஒருவன் மரம் வெட்டும்போது கோடரி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அவன் அலறியதற்குக் காரணம் கோடரியின் விலை அல்ல. அது இரவல் வாங்கியது என்பதே. இரவல் வாங்கின பொருளை இழந்தவனின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதலாவது, உங்கள் வண்டியை நீங்கள் அறிந்திருக்கிறீர்களா?

இது என்ன கேள்வி என்பீர்கள். தமிழ்நாட்டில் 2001-02ல் தொடங்கி, பின்னர் விரிவாக்கப்பட்ட திட்டத்தின்படி பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுத்து வருகிறது. ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஐம்பது வண்டிகள் நின்றால் ஐம்பதும் ஒரே நிறம், ஒரே கூடை, ஒரே பெல். அவற்றில் உங்களுடையது எது என்று போலீசாருக்கு எப்படிக் காட்டுவீர்கள்? 'சீட்டில் கொஞ்சம் கிழிந்திருக்கும் சார்' என்றால் போதுமா? சீட்டை மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது.

ஒவ்வொரு சைக்கிளின் சட்டத்திலும் ஒரு எண் அடித்திருக்கும். பெரும்பாலும் பெடல் அச்சு பொருந்தும் கூட்டின் அடிப்பக்கத்தில், சில வண்டிகளில் சீட்டுக் குழாயின் மேற்புறத்தில் இருக்கும். வண்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்து, கிரீஸையும் மண்ணையும் துடைத்துவிட்டுப் பாருங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று, குழுத் தலைவரிடம் ஒன்று கொடுங்கள். எண்ணையும் முழு வண்டியையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாங்கின ரசீது இருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சீட்டைக் கழற்றி, பெயரும் ஊரும் போன் நம்பரும் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுருட்டி அந்தக் குழாய்க்குள் போட்டு மூடுங்கள். வெளியே பெயின்ட் அடித்தாலும் உள்ளே உங்கள் பெயர் இருக்கும். ஏலக்காய் மூட்டையைக் குறி எழுதாமல் அனுப்புகிற வியாபாரி போடியில் உண்டா? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு அது. விலையுள்ளதைக் குறித்து வைப்பது அவநம்பிக்கை அல்ல, ஒழுங்கு.

ரயிலில் வருகிறவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2023 ஜூன் மாதம் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து கொண்டுவந்தால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விளக்கு, பம்பு, பாட்டில் போன்றவற்றைக் கழற்றிக் கையோடு எடுத்துவாருங்கள்.

இரண்டாவது, பூட்டு என்ன செய்யும், என்ன செய்யாது?

நம் ஊர் வண்டிகளில் பின்சக்கரத்தோடு ஒரு வளையப் பூட்டு இருக்கும். சாவியைத் திருப்பினால் கம்பி ஒன்று ஸ்போக்ஸ்களுக்கு இடையே பாயும், சக்கரம் சுழலாது. அவ்வளவுதான் அதன் வேலை. வண்டியை ஓட்டிக்கொண்டு போகமுடியாது, தூக்கிக்கொண்டு போகலாம். இந்த மலையில் விடிவதற்கு முன்னே தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு எத்தனை ஜீப்புகள் ஏறுகின்றன, சரக்கு ஏற்றிய எத்தனை வண்டிகள் இறங்குகின்றன என்பதை அறிவீர்கள். பின்னால் தூக்கிப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் அடுத்த வளைவு. வளைவைத் தாண்டினால் கண்ணுக்கு மறைந்துவிடும்.

ஆகவே வண்டியை அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டவேண்டும். அசையாதது எது என்று பார்க்கவும் கண் வேண்டும். தோட்டத்து வேலிக்கால் அசையாது என்று தோன்றும். மழைக்காலத்தில் கையால் பிடுங்கலாம். அறிவிப்புப் பலகைக் கம்பத்தில் மேலே பலகை சிறியதாயிருந்தால் வண்டியை அப்படியே மேலே தூக்கி உருவிவிடலாம். இளமரம் அரிவாளுக்குத் தாங்காது; அதற்கும் மேலாக, அது பிறருடைய மரம், பட்டையைக் காயப்படுத்த நமக்கு உரிமை இல்லை. சுவரில் பதித்த இரும்புக் கம்பி, கேட்டின் தூண், பாலத்தின் கைப்பிடிக் குழாய், இப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

பூட்டில் மூன்று விதம். கேபிள் பூட்டு இலேசானது, மலிவானது; உள்ளே இருப்பது மெல்லிய கம்பிப் பிரிகள். நல்ல கட்டிங் பிளேயர் ஒன்று அதை நறுக்கிவிடும். அதை மாத்திரம் நம்பவேண்டாம். சங்கிலியும் பூட்டும் கனமானவை, ஆனால் நம்பகமானவை. பக்கத்திலே திண்டுக்கல் இருக்கிறது. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல பூட்டை வாங்கிவிட்டு நாய்ச் சங்கிலியோடு சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பூட்டும் சங்கிலியும் ஒன்றுக்கொன்று ஈடாயிருக்கவேண்டும். மூன்றாவது, யு வடிவத்தில் வளைத்த இரும்புப் பூட்டு. அதற்குள் பின்சக்கரத்தின் ரிம்மையும் கம்பத்தையும் சேர்த்து, சீட்டுக்குக் கீழே சட்டம் முக்கோணமாய்ச் சேரும் இடத்துக்கு உள்ளே வைத்துப் பூட்டினால், சட்டமும் பின்சக்கரமும் இரண்டும் பத்திரம். ஏனெனில் அந்தச் சக்கரத்தை முக்கோணத்தின் வழியாக இழுக்க முடியாது. முன்சக்கரம் நெம்புகோலைத் திருப்பினால் கழலுகிற வகையாயிருந்தால், அதையும் கழற்றிப் பின்சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள், அல்லது கையில் எடுத்துச் செல்லுங்கள்.

சங்கிலி தரையில் கிடக்கவேண்டாம். தரையில் கிடந்தால் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்க வசதி. உயரமாக, தொய்வில்லாமல் கட்டுங்கள். சாவித்துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். மழைநீரும் புகாது, கம்பி விட்டுக் குடைகிறவனுக்கும் கஷ்டம். இரண்டு பூட்டு போடுவதானால் இரண்டும் வெவ்வேறு விதமாக இருக்கட்டும். ஒன்றைத் திறக்கும் கருவி மற்றதைத் திறக்காது.

விலையுயர்ந்த பூட்டு வாங்கிவிட்டோம் என்ற மேட்டிமையும் வேண்டாம். அமெரிக்காவில் கிரிப்டோநைட் என்னும் பெயர்பெற்ற பூட்டுகளில் ஒரு வகை, உருளைச் சாவி போடுகிற வகை, பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்துகொள்கிறது என்று 2004ல் தெரியவந்தது. அந்த நிறுவனம் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. எந்தப் பூட்டும் திருடனுக்கு நேரத்தை அதிகமாக்குமேயொழிய, திருட்டே நடக்காதபடி செய்யாது. அந்தக் கூடுதல் நேரத்துக்குள் ஒரு மனிதன் பார்த்துவிடவேண்டும். இதை மறக்காதிருங்கள், கடைசியில் இந்த இடத்துக்கே வருவோம்.

ஆனால் 17 வளைவுக்கும் இத்தனை இரும்பைச் சுமப்பது யார்? ஆளுக்கொரு பெரிய பூட்டு வேண்டாம். அவரவர் வளையப் பூட்டு அவரவருக்கு இருக்கட்டும். குழுவுக்கு இரண்டு நீளச் சங்கிலி, இரண்டு நல்ல பூட்டு போதும். நிறுத்தும்போது ஒரு வண்டியின் தலையும் அடுத்த வண்டியின் வாலும் ஒட்டி நிற்கும்படி மாற்றி மாற்றி வரிசையாய் நிறுத்தி, எல்லாச் சட்டங்களுக்குள்ளும் சங்கிலியைக் கோத்து, இரு முனையையும் கம்பத்தோடு பூட்டுங்கள். பத்து வண்டிகளை ஒன்றாகத் தூக்க ஒருவராலும் ஆகாது. சங்கிலியை ஏற்றத்தில் முறைபோட்டுச் சுமந்து செல்லுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். இருவரும் ஒன்றாய்க் குளிக்கப் போகவேண்டாம்.

மூன்றாவது, எங்கே போகும், எப்போது போகும்?

நடுக்காட்டில் என்று பயப்படுகிறீர்கள். அங்கே உங்கள் கவனமெல்லாம் வண்டியின்மேல்தான் இருக்கும். சைக்கிள் போவது பேக்கரி வாசலில். கழிப்பறைக்குப் போன ஐந்து நிமிஷத்தில். போட்டோ எடுக்க எல்லாரும் பாறைமேல் ஏறினபோது. 'இங்கேதானே நிற்கிறோம்' என்ற இடத்தில்.

ஆகையால் டீக்கடையில் வண்டி தெரியும்படியான பெஞ்சைப் பார்த்து உட்காருங்கள். ஒருவர் முறைபோட்டு வண்டியோடு நிற்கட்டும். கியர் வண்டியானால் இறங்கும்முன் மிகக் கனமான கியருக்கு மாற்றிவிடுங்கள். எடுத்து ஓடுகிறவன் முதல் மிதியில் திணறுவான். சாதா வண்டியானால் செயினைப் பல்சக்கரத்திலிருந்து நழுவவிட்டு வைப்பது பெரியவர்கள் செய்த பழைய உபாயம். ஹெல்மெட் வாரை முன்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் சேர்த்து மாட்டுங்கள். இவையெல்லாம் பூட்டுக்குச் சமமல்ல. பத்து விநாடி தடுமாற்றம் தரும். பத்து விநாடியில் ஒரு கூப்பாடு போடலாம்.

இரவில் வண்டி வெளியே நிற்கவேண்டாம். சபையின் உடை அறையோ, பள்ளிக்கூடத்து வகுப்பறையோ, தோட்டத்து ஸ்டோரின் ஓரமோ, உத்தரவு கேட்டு உள்ளே வையுங்கள். கேட்கும்போது, 'ஐயா, சக்கரத்தைத் துடைத்துவிட்டு வைக்கிறோம், காலையில் கூட்டிவிட்டுப் போகிறோம்' என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கதவு மூடிப்போகாமல் இருக்கவேண்டும்.

பையைப் பற்றி மருத்துவமனைக்காரர்களாகிய நாங்கள் ஒன்று சொல்லவேண்டும். உங்களில் சர்க்கரைக்கும் வலிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து எடுக்கிறவர்கள் உண்டு. சைக்கிள் போனால் பஸ்ஸில் திரும்பலாம். வலிப்பு மாத்திரையும் இன்சுலினும் கேரியர் பையோடு போய்விட்டால், மலைமேல் அந்த இரவு ஆபத்தானது. மருந்து, ஆதார் அட்டை, பணம், போன் இவையெல்லாம் ஒரு சிறு பையில் உங்கள் உடம்போடு இருக்கட்டும். கழிப்பறைக்குப் போனாலும் கூட வரட்டும். இரண்டு நாள் மருந்தைத் தனியே பிரித்து நண்பன் ஒருவனிடம் கொடுங்கள்; மருந்துச் சீட்டின் நகல் குழுத் தலைவரிடம் இருக்கட்டும்.

நான்காவது, இதையெல்லாம் மிஞ்சிய பூட்டு ஒன்று உண்டு.

பவுல் அப்போஸ்தலனைப் போலப் பயணம் பண்ணினவர்கள் அக்காலத்தில் சிலரே. அவர் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின கடைசிக் கடிதத்தில் உபதேசங்களுக்கு நடுவே ஒரு சிறு வேண்டுகோள் வருகிறது. துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி கேட்கிறார். குளிர்காலம் வருகிறது, மேலங்கி வேண்டும். அவற்றை எங்கே விட்டுவந்தார்? சத்திரத்தின் மூலையில் அல்ல. கார்ப்பு என்பவர் வசத்தில். அந்தக் கார்ப்பைப் பற்றி வேதத்தில் வேறொன்றும் சொல்லப்படவில்லை. ஒரு பயணியின் சாமானைப் பார்த்துக்கொண்டவர் என்பதற்காகவே அவர் பெயர் இத்தனை நூற்றாண்டுகளாய் நிலைத்திருக்கிறது.

நீங்கள் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு கார்ப்பு இருக்கிறார். டீக்கடை அண்ணன், பெட்டிக்கடை அக்கா, கோயில் பூசாரி, பள்ளிவாசல் மோதினார், தோட்டத்துக் காவல்காரர். இறங்கினவுடன் அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். 'அண்ணே, பொட்டிபுரத்திலிருந்து வர்றோம். பத்து நிமிஷம் வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே' என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் 'ரொம்ப நன்றிண்ணே' என்று சொல்லாமல் ஏறிப்போகாதிருங்கள். காசுக்குச் செய்கிற காவல் வேறு, கேட்டுக்கொண்டதற்காகச் செய்கிற காவல் வேறு. கேட்டுக்கொள்ளப்பட்டவருக்கு அந்தப் பத்து நிமிஷத்துக்கு உங்கள் வண்டி தம் வீட்டு வண்டி.

இந்த ஒரு வார்த்தை சொல்லப்படாததால் என்ன ஆயிற்று என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தோட்டத்து லயத்தில் இருக்கிறவன். மணிக்கட்டு முறிந்திருந்தது, ஒரு காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து சைக்கிளில் வந்த சிலர் ஒரு கடையோரம் வண்டிகளை விட்டுவிட்டுச் சற்று நடந்து போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது ஒன்றைக் காணவில்லை. அந்த இடத்தில் நின்றவன் இவன். பயந்து ஓடினான், ஓடினதே சாட்சியாகிவிட்டது. வண்டிக்காரர்கள் இரண்டு பேர் பிடித்தார்கள், வழிப்போக்கர் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மழை விட்டபிறகு சைக்கிள் அகப்பட்டது. தூறல் விழுந்ததைக் கண்டு, நல்ல வண்டி நனைகிறதே என்று கடைக்காரரின் தம்பி அதைப் பின்கொட்டகைக்குள் தள்ளி வைத்துவிட்டு, விறகெடுக்கப் போயிருந்தார்.

கட்டிலருகே நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தாய் அழவில்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவனுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதுங்கய்யா. யாரும் அதைக் கேக்கலையே."

மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடிற்று. காது முழுமையாய்த் திரும்பவில்லை. சைக்கிள் ஒரு கீறல் இல்லாமல் ஊர் திரும்பியது.

அன்பானவர்களே, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவர் தம்பியும் அதைக் கேட்டிருப்பார். வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒருவர் இருந்திருப்பார். அந்த வார்த்தை வண்டியைக் காப்பதற்கு மாத்திரம் அல்ல. அருகில் நிற்கும் ஏழைப் பிள்ளையைக் காப்பதற்கும் அதுவே பூட்டு.

ஐந்தாவது, வண்டி போயே போய்விட்டால் என்ன செய்வது?

இத்தாலி தேசத்தில் 1948ல் வெளிவந்த ஒரு திரைப்படம் உண்டு. இயக்குநர் விட்டோரியோ டி சிகா. தமிழில் 'சைக்கிள் திருடர்கள்' என்று அறியப்படுவது. போருக்குப் பின் வேலையில்லாமல் வாடும் ஒரு மனிதனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்டுக்கொடுக்கிறாள். வேலையின் முதல் நாளே அது திருடுபோகிறது. தகப்பனும் சிறு மகனும் ரோமாபுரி முழுவதும் தேடுகிறார்கள். திருடன் என்று ஒருவனைப் பிடித்தபோது அவன் வலிப்பு வந்து விழுகிறான். போலீஸ்காரர் வீட்டைச் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை, சாட்சியும் இல்லை. முடிவில் அந்த நல்ல மனிதனே மனம் தடுமாறி, மகன் பார்த்திருக்க, வேறொருவருடைய சைக்கிளைத் திருடப்போய் அகப்படுகிறான். சைக்கிளின் சொந்தக்காரர் சிறுவனின் முகத்தைப் பார்த்து அவனை விட்டுவிடுகிறார். பறிகொடுத்தவனுக்கும் பறித்தவனுக்கும் நடுவே உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவு பெரியதல்ல என்பதை அந்தப் படத்தில் காணலாம். ஆத்திரப்படும் நேரத்தில் அந்தச் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்யவேண்டியது இதுதான். முதலில் பத்து நிமிஷம் அமைதியாய்ச் சுற்றிலும் தேடுங்கள். யாராவது நகர்த்தி வைத்தார்களா என்று கேளுங்கள். கேட்பது விசாரிப்பாயிருக்கட்டும், குற்றச்சாட்டாய் இருக்கவேண்டாம். யாரையும் பிடிக்கவோ, பையைச் சோதிக்கவோ, கை வைக்கவோ உங்களுக்கு அதிகாரமில்லை, அடிப்பது குற்றம். அகப்படவில்லையானால் தாமதிக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். அவசர எண் 112.

போடிமெட்டில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வண்டி எந்த எல்லையில் போனது என்ற கேள்வியில் பகல் கழிந்துவிடக்கூடும். 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்திடவேண்டும். பதிவு செய்த தகவலின் நகலை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டு நிலையங்களில் மனு பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பது வழக்கம். அது மனு ஏற்புச் சீட்டு, முதல் தகவல் அறிக்கை அல்ல என்பதை அறிந்து, மரியாதையாய்க் கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் சட்டைப்பையிலுள்ள அந்த எண்ணும் போட்டோவும் கைகொடுக்கும். சினிமாப் படத்து மனிதனிடம் இல்லாதிருந்த சாட்சி உங்களிடம் இருக்கும். பிறகு அடுத்த ஊர்ச் சைக்கிள் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் எண்ணைச் சொல்லி வையுங்கள்.

சட்டத்தைப் பற்றி இன்னொன்று. பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவின்படி திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயிருந்து, முதல் முறை தண்டிக்கப்படுகிறவராயிருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. நம் ஊரில் ஓடும் பழைய சைக்கிள்கள் பல இந்த மதிப்புக்குள் அடங்கும். முதல் தடவை தவறினவன் திரும்பிவரச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நாம் அதை அடித்துச் சாத்தலாமா?

சிலர் கேட்கக்கூடும்: எல்லாரையும் நம்பு என்கிறீர்கள், சங்கிலியும் போடு என்கிறீர்கள், எது சரி? இரண்டும் சரி. பூட்டாமல் விட்டுப்போகிற வண்டி பசியோடு இருக்கும் ஒருவனுக்கு நாம் வைக்கிற சோதனை. பூட்டுவது நம் கடமை. பூட்டினபிறகும் காணாமற்போனால், எதிரே நிற்கிறவனை முதலில் மனிதனாய்ப் பார்ப்பது அதைவிடப் பெரிய கடமை. மலைமேல் லயங்களில் இருக்கிறவர்கள் உங்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், ஏலக்காய்த் தட்டிப் போட்டு டீ கொடுப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் உங்கள் பெல்லை அடித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். அடிக்கவிடுங்கள். ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போங்கள். ஓட்டத் தெரியாதவனுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொடுங்கள். உங்கள் வண்டியைத் தொட்டுப் பழகின பிள்ளைதான் அந்த ஊரில் அதற்கு முதல் காவலாளி.

இப்போது எழுந்து வெளியே போய் அவரவர் வண்டியைக் கவிழ்த்து, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அதன்பின் ஜெபிப்போம். எண் இல்லாத தாளோடு ஒருவரும் உள்ளே வரவேண்டாம்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர்தாமே காத்துக்கொள்வாராக. போன எண்ணிக்கைப்படியே வண்டிகளும், போனதிலும் அதிகமான சிநேகிதர்களுமாய் நீங்கள் திரும்பி வருவதைக் காண இந்தச் சிற்றாலயத்து வாசலில் காத்திருப்போம்.